தம்பிக்குப் போன நோட்டீஸ்

வக்கீல் ரூபா கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. "உங்க தம்பி இப்ப எங்க இருக்காருக்கா? அட்ரஸ் சொல்லுங்க" என்றுதான் கேட்டாள். டெய்சி அதற்கே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

கோலாரில் ஜில்லா கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ரூபாவின் ஆபீஸ். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேலே மேசை லேசாக அதிர்ந்தது. டெய்சி தன் மடியில் இருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அம்மாவின் உயிலும் இறப்புச் சான்றிதழும் இருந்தன.

"அவன் அட்ரஸ் எதுக்கும்மா? உயில்லதான் அவன் பேரே இல்லியே."

"அதனாலதான்க்கா வேணும். புரோபேட்டுக்கு, அதான் உயில் நிஜம்னு கோர்ட்டு குடுக்குற அத்தாட்சிக்கு, மனு போடணும்னா, இறந்துபோனவங்களோட நெருங்கின சொந்தம் எல்லாரையும் அட்ரஸோட காட்டணும். கோர்ட்டு அவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். இந்த உயில் நிஜம்தான்னு உங்க அக்கா சொல்றாங்க, ஆட்சேபணை இருந்தா வந்து சொல்லுன்னு."

"என் அட்ரஸும் அதுல இருக்குமா?"

"இருக்கும்."

டெய்சி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "உயில எடுத்துக்கினு நேரா நகராட்சிக்குப் போனேன். வீட்ட உம் பேருக்கு மாத்த முடியாது, தம்பி இருக்கான்ல, கோர்ட்டு ஆர்டர் கொண்டான்னாங்க. வேற வழி இல்லியா?"

"கிறிஸ்டியன்ஸுக்குப் புரோபேட் கட்டாயம் இல்ல. ஆனா நாளைக்கு அவர் வந்து இது பொய் உயில்னு சொன்னா? கோர்ட்டு முத்திரை இருந்தா உங்களுக்குத் தைரியம்."

தைரியம் என்ற சொல்லை இந்தப் பெண் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று டெய்சி நினைத்தாள். "அவன் எங்க கீறான்னு தெரியாதும்மா" என்றாள்.

ரூபா பேனாவை மூடினாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் ஆளைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்திருந்தது. "தெரியாதுன்னா பேப்பர்ல விளம்பரம் குடுத்து முடிச்சிடலாம். ஆனா, தெரிஞ்சே மறைச்சீங்கன்னு பின்னாடி அவர் காட்டிட்டார்னு வைங்க, கிடைச்ச புரோபேட் ரத்தாயிடும். நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடப்போறீங்கக்கா. யோசிச்சுட்டு வாங்க."

டெய்சிக்குத் தெரியும். ஓசூரில் எல்வின் தண்ணீர் கேன் வியாபாரம் செய்துகொண்டிருந்தான். சித்தி மகள் ஒருத்தி அவன் கடைத் திறப்பு விழாப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பெயர்ப் பலகையில் தெருப் பெயர் முதற்கொண்டு எல்லாம் இருந்தது. அந்தப் போட்டோவை டெய்சி அன்றே அழித்துவிட்டாள். அழித்தாலும் அந்த முகவரி மனப்பாடமாகிவிட்டது.

டெய்சிக்கு அப்போது வயது நாற்பத்தேழு. தினமும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஒயிட்ஃபீல்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்வந்தாள். படுக்கை விரிப்புகள், ஆபரேஷன் தியேட்டர் துணிகள், நோயாளிகளின் பச்சை அங்கிகள் எல்லாம் வெளுத்து வந்ததும் எண்ணி வாங்கி வார்டுகளுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. கல்யாணம் ஆகவில்லை. ஒரு வரன் நெருங்கி வந்தது. அந்த வருஷம்தான் அப்பா ஆபிரகாம் இறந்தார். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

ஆபிரகாம் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடி, கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில், கம்பெனி வீட்டைவிட்டு வெளியே வந்து ஆண்டர்சன்பேட்டையில் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். அதில் இரண்டு கிறிஸ்துமஸ் பார்த்தார். வீடு அம்மா ஜெயசீலியின் பெயரில் இருந்தது.

எல்வின் டெய்சிக்கு நான்கு வயது இளையவன். சபையில் பாடும்போது பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிக் குரல். வெளியே சிரித்த முகம். வீட்டுக்குள் அவன் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்குப் பேசலாமா கூடாதா என்று அம்மாவும் அக்காவும் தெரிந்துகொள்வார்கள். தட்டு பறக்கும். கதவில் குத்து விழும். மறுநாள் அவனே மீன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து ஜெயசீலி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தாள். வீட்டை விற்கலாம், ஆள் பார்த்திருக்கிறேன், இதில் கையெழுத்துப் போடு என்று எல்வின் பத்திரத்தை நீட்டினான். அவள் மாட்டேன் என்றாள். அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் மாட்டேன் என்றாள். "போடாத கை எதுக்கு?" என்று சொல்லி அவள் வலது கையைப் பிடித்துக் காய்ந்த கல்லின் மேல் வைத்து அழுத்தினான்.

டெய்சி சமையலறை வாசலில் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். கால் வரவில்லை. எல்வினே கையை விட்டுவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவன் கால் வைக்கவில்லை.

"வழுக்கி விழுந்து கல்லு மேல கைய வெச்சிட்டேன்னு சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸு வரும். எம் புள்ள ஜெயிலுக்குப் போவக்கூடாது" என்றாள் ஜெயசீலி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளங்கை ஆற மாசக்கணக்கானது. ஆறினபோது விரல்கள் பாதிதான் மடங்கின. சபையில் கேட்டவர்களிடமெல்லாம் டெய்சி அதே வழுக்கி விழுந்த கதையைச் சொன்னாள். சொல்லிச் சொல்லி, சில நாள் அதுதான் நடந்தது போலவும் தோன்றும்.

சாவதற்கு மூன்று வருஷம் முன்னால் ஜெயசீலி வீட்டை டெய்சிக்கு என்று உயில் எழுதினாள். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு பார்வதம்மாவும் எதிர்வீட்டு ஆஸ்டினும் வந்தார்கள். பார்வதம்மா மார்க்கெட்டில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தாள். ஆஸ்டின் இப்போது உயிரோடு இல்லை.

இதையெல்லாம் டெய்சி ரூபாவிடம் சொல்லவில்லை. பஸ்ஸேறி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ரயிலும் வேலையுமாக ஓட்டினாள். முகவரியைக் கொடுத்தால் அவன் வருவான். கொடுக்காவிட்டால், என்றைக்காவது சித்தி மகள் மூலமாகத் தெரிந்து, இன்னும் கோபமாக வருவான். கோர்ட்டில் பொய்ச் சத்தியம் செய்தவள் என்ற பேரும் சேரும். துணிச்சல் வந்து முடிவு செய்தாள் என்று சொல்வதற்கில்லை. இரண்டு பயத்தில் எது கொஞ்சம் சின்னது என்று பார்த்தாள், அவ்வளவுதான். மறுபடி கோலாருக்குப் போய், ஓசூர் முகவரியைச் சொன்னாள்.  ரூபா ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டாள்.

மனு தாக்கலானது. நோட்டீஸ் போயிற்று.

அதன் பிறகு டெய்சிக்கு வீட்டில் இருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறப்பதில்லை. பின்கதவுக்கு இரும்புப் பட்டை ஒன்று போட்டாள். தெருவில் பைக் வேகம் குறைந்தால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அது மறுபடி வேகமெடுக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் பேச்சில்லை, பின்னால் லாரி சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு மருத்துவமனையில் விரிப்புகளை எண்ணும்போது மூன்று முறை தப்பாக எண்ணினாள்.

"இன்னாடி, மூஞ்சியே சரியில்ல. ஜொரமா?" என்று பார்வதம்மா மதில் மேல் எட்டிக் கேட்டாள்.

"தூக்கம் இல்லக்கா."

"அவன் வர்றானோன்னு பயந்துக்கினு கீறியா?"

டெய்சி கொடியில் காய்ந்த துணியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் வீட்டுக்கு வரவில்லை. ஒரு திங்கட்கிழமை, மாரிக்குப்பத்தில் இன்னும் முழுசாக நிரம்பாத ரயிலில் டெய்சி வழக்கமாக உட்காரும் ஜன்னல் சீட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். தலை நரைத்து, உடம்பு பெருத்திருந்தது. காலை அகட்டி உட்கார்ந்த விதத்தில்தான் அவள் அடையாளம் கண்டாள். இறங்கிவிடலாம் என்று திரும்புவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

"குந்துக்கா" என்றான். "சாப்டியா?"

அவள் உட்கார்ந்தாள்.  டிபன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

எல்வின் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டீஸை எடுத்து, முழங்கால் மேல் வைத்து நீவிவிட்டான். "எவ்ளோ அழகா எழுதிக்கீறாங்க பாரு. என் கடை பேரு, சந்து பேரு, எல்லாம் கரெக்டு. பதினாலு வருஷமா அக்கா என்னை மறந்துட்டான்னுல்ல நெனச்சேன்."

"கோர்ட்டுல கேட்டாங்க, குடுத்தேன்."

"கோர்ட்டுல கேட்டா குடுப்பியா நீ?" அவன் சிரித்தான். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எல்வின் குரலை உயர்த்தவே இல்லை. சின்ன வயதிலும் அப்படித்தான். அவன் சத்தம் போடும் வரைக்கும் தப்பிக்க நேரம் இருக்கும், மெதுவாகப் பேச ஆரம்பித்தால் இருக்காது. "கேஸை வாபஸ் வாங்கிக்க. வீட்ட வித்துப் பாதிப் பாதி. நீ ஒண்டிக்கட்டை, உனக்கு எதுக்கு வீடு? அது அப்பா போட்ட பழைய ஒயரிங்குக்கா. என்னைக்கு இன்னா ஆவும்னு யாருக்குத் தெரியும். பாத்து இரு."

பங்காரப்பேட்டையில் இறங்கிப்போனான். பிளாட்பாரத்திலிருந்து ஜன்னல் வழியாக அவள் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனான். யாராவது பார்த்திருந்தால் பாசக்காரத் தம்பி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டெய்சி அன்றைக்கு ஒயிட்ஃபீல்டில் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்பதே தோன்றவில்லை. பெங்களூர் வரை போய், மத்தியான வண்டியில் திரும்பி வந்து, ரூபாவுக்கு போன் செய்தாள். "வாபஸ் வாங்கிடலாம்மா."

ரூபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, வாபஸ் வாங்கினா பயம் போயிடுமா? உங்க வீடு எங்க இருக்குன்னு அவருக்கு எப்பவுமே தெரியும். நாளைக்கே போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு புகார் எழுதிக் குடுப்போம். நானும் வர்றேன்."

புகார் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் பேருக்கு ஒரு ரசீது கிடைத்தது. அன்று முதல் பார்வதம்மா, ஒன்றும் கேட்காமலே, பாயைத் தூக்கிக்கொண்டு டெய்சி வீட்டுக்கு வந்து படுக்க ஆரம்பித்தாள்.

எல்வின் வக்கீல் வைத்து ஆட்சேபணை போட்டான். அதனால் மனு வழக்காக மாறியது. வாய்தா மேல் வாய்தா விழுந்தது. அவனுடைய ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான்: உயிலில் இருப்பது அம்மாவின் கையெழுத்தே இல்லை, அக்கா போட்ட கள்ளக் கையெழுத்து. அதற்கு ஆதாரமாக அம்மாவின் பழைய வங்கிப் புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் தாக்கல் செய்தான். அவற்றில் ஜெயசீலியின் கையெழுத்து மிஷன் பள்ளிக்கூடத்து எழுத்து, முத்து முத்தாக இருந்தது. உயிலிலோ எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து கிடந்தன.

"ஏன்க்கா இவ்ளோ வித்தியாசம்?" என்று ரூபா கேட்டாள்.

"கை சுட்டுக்கிச்சு. வெரல் மடங்காது."

"எப்படி?"

டெய்சி கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சமையக்கட்டுல" என்றாள். ரூபாவும் பிரமாணப் பத்திரத்தில், வலது கையில் தீக்காயம் ஏற்பட்டதால் கையெழுத்து மாறியது என்று மட்டும் எழுதினாள். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று டெய்சிக்குச் சோறு இறங்கவில்லை.

குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் கோர்ட் ஹாலில் கூட்டம். ஊரிலிருந்து சபைக்காரர்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள், ஆறுதலுக்கென்று. அவர்களைப் பார்த்ததும் டெய்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூண்டுக்குள் ஏறினாள். கம்பியைப் பிடித்தாள். எல்வின் முதல் வரிசை நாற்காலியில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், அதே சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அவன் வக்கீல் வயதானவர், பதவிசானவர். கன்னடத்தில்தான் கேட்டார், டெய்சியும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். பையன்மேல் அம்மாவுக்குப் பாசம் இல்லையா என்று கேட்டார். இருந்தது என்றாள். பிறகு அவர் கையெழுத்துக்கு வந்தார்.

"தீக்காயம்னு சொல்றீங்க. எந்த ஆஸ்பத்திரியில காட்டினீங்க?"

"காட்டலை."

"விரல் மடங்காத அளவுக்குக் காயம், ஆனா டாக்டரே பார்க்கலை. சீட்டு, பில், மருந்துக் கடை ரசீது ஏதாவது?"

"இல்லை."

"சரி. காயம் எப்படி ஏற்பட்டது?"

டெய்சி எல்வினைப் பார்த்தாள். அவன் போனை எடுத்து அதில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான். அந்த வக்கீலிடம் அவன் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தோசைக்கல்லை மறைத்துவிட்டு, வெறும் கையெழுத்தை மட்டும் கொடுத்து அவரை அனுப்பியிருக்கிறான். அக்கா வாயைத் திறக்க மாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை.

"சொல்லுங்கம்மா. வழுக்கி விழுந்தாங்களா? எண்ணெய் கொட்டிச்சா?" வக்கீல் கொஞ்சம் குரலை ஏற்றினார். "நான் சொல்றேன். அப்படி ஒரு காயமே கிடையாது. கள்ளக் கையெழுத்தை மறைக்க நீங்க கட்டின கதை அது."

வழுக்கி விழுந்தார்கள் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. பதினாலு வருஷம் பழகின வாய். ஆனால் சத்தியப் பிரமாணம் எடுத்தது ஞாபகம் வந்தது; உள்ளங்கையில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அம்மா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.  கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி, அம்மா கையைப் பிடிச்சு, காய்ஞ்ச தோசைக்கல்லு மேல வெச்சு அழுத்தினான்" என்றாள். "வீட்டை விக்கக் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னதுக்கு. நான் வாசல்ல நின்னு பாத்தேன்."

 வயதான வக்கீல் மெதுவாகத் திரும்பித் தன் கட்சிக்காரனைப் பார்த்தார். எல்வின் எழுந்து, "பொய்! பொய் சொல்றா!" என்று தமிழில் கத்தினான். நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். பிறகு டெய்சியிடம், "நிதானமா, முதல்லேர்ந்து சொல்லுங்க, பதிவாகட்டும்" என்றார். அவள் முதலிலிருந்து சொன்னாள். பத்திரத்தை நீட்டியது, அவன் சொன்ன வார்த்தை, தன் கையில் இருந்த தட்டு எல்லாம். டைப் அடிக்கிற பெண் இரண்டு இடத்தில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் பார்வதம்மா சாட்சி சொன்னாள். உயிலில் ஜெயசீலி தன் எதிரில் கையெழுத்துப் போட்டதையும், ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதையும் சொன்னாள். காயத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

"அன்னிக்கி அவ கத்தின கத்து எங்க வீட்டுச் செவுத்தத் தாண்டி வந்துச்சு சாமி. இவன் வண்டிய எடுத்துக்கினு ஓடுனதயும் பாத்தேன். எங்க தெருவுல இது தெரியாதவங்க யாரு? அந்தம்மா விழுந்துட்டேன்னு சொல்லுச்சு. சரி, அப்டியே இருக்கட்டும்னு நாங்களும் விட்டுட்டோம்."

டெய்சி பெஞ்சில் உட்கார்ந்தபடி திரும்பிச் சபைக்காரர்களைப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. போதகரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷம் யாருக்குத் தெரிந்துவிடுமோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாளோ, அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது. நிம்மதி வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. ஒருத்தராவது ஒரு நாள் வந்து கேட்டிருக்கலாமே.

வெளியே கரும்பு ஜூஸ் வண்டி அருகில் எல்வின் நின்றிருந்தான். பஸ்ஸுக்குப் போக அந்த வழியாகத்தான் போக வேண்டும். பார்வதம்மா டெய்சியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு முன்னாடி என்னை இப்டிப் பண்ணிட்டியேக்கா" என்றான். குரல் மெதுவாகத்தான் வந்தது. டெய்சி நிற்காமல் நடந்துகொண்டே சொன்னாள்.

"கேட்டாங்க. சொன்னேன்."

அவன் பின்னால் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கும் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. அவன் வக்கீல் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். மழைக்காலம் முடியும்போது உயில் உண்மையானது என்று தீர்ப்பானது. கோர்ட்டு முத்திரை போட்ட புரோபேட்டை ரூபா இரண்டு கையாலும் கொடுத்தாள். பின்னால் அம்மாவின் உயில் நகல் கோத்திருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தச் சரிந்த எழுத்துகள். டெய்சி அதன் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உறைக்குள் போட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனைக்கு வந்தபோது, ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். டெய்சியின் கால்கள் நின்றுவிட்டன. பார்வதம்மா கடைக்குப் போயிருந்தாள். தெருவில் வேறு யாரும் இல்லை. தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சின்னப் பையன். கையில் ஒரு பார்சல். "மேடம், மாணிக்கராஜ் வீடு எது? மேப்ல இங்கதான்னு காட்டுது."

 "ரெண்டு வீடு தள்ளி. நீல கேட்டு" என்று கை காட்டினாள்.

பைக் போன பிறகு, கேட்டைத் திறந்து உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டு, அது விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய், வெகுநாளாகச் சாத்தியே கிடந்த ஜன்னலின் கொக்கியை நெம்பினாள். துருப்பிடித்திருந்தது. உலக்கையால் இரண்டு தட்டுத் தட்டியதும் விட்டுக்கொடுத்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் கடையிலிருந்து திரும்பி வந்த பார்வதம்மா, "இன்னா ஆச்சுடி கோர்ட்டுல?" என்று கத்திக் கேட்டாள்.

"குடுத்துட்டாங்கக்கா" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் டெய்சி. "நீ ராத்திரிக்கு வந்துடு. பாயை எடுத்தாந்துடு."